சினைமணல்

காலஞ்சென்ற சந்தியாகு மச்சாது அவர்களுடைய இரண்டாவது குமாரரும், கழிமுனை ஐஸ் ஆலையில் கம்ப்ரசர் இயந்திரத்தின் நோயைக் காதால் கேட்டே அறிந்து கையால் தொட்டே தீர்த்து, ஊருக்கு ஐஸ் இல்லை என்ற சொல் ஒரு நாளும் வராமல் காத்து ஓய்வு பெற்றவரும், ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துப் படி ஏறாமலே பங்குக் கோயில் வாசகசாலையின் விஞ்ஞான நூல்களை ஒரு பக்கம் விடாமல் வாசித்து முடித்தவருமாகிய திருவாளர் அருளப்ப மச்சாது அவர்களுக்கு, இங்கே சொல்லப்படுகிற முற்பகலில் எழுபத்து மூன்று வயது நிறைந்து எழுபத்து நான்கு நடந்துகொண்டிருந்தது. அவர் நடுவீட்டு ஜன்னலோரம் மேசைமுன் அமர்ந்திருந்தார். மேசைமேல் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. தட்டில் மீன் ஊறுகாய்க்கென்று வீட்டில் வைத்திருக்கும் காடி, அதாவது வினிகர், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தது. காடிக்குள் கடுகளவில் ஒரே ஒரு மணல். அந்த மணல் கரைந்துகொண்டிருந்தது. கரைந்து முடிந்தபின் ஒன்றும் மிஞ்சாவிட்டால் அவர் தோற்றவர். எட்டு ஆண்டாக மறுத்துவந்த ஒரு காரியத்தை இன்றைக்கே செய்தாக வேண்டும். தோல்போல ஏதேனும் மிஞ்சினால் அவர் ஜெயித்தவர். அந்தக் காரியம் இனி எந்நாளும் நடவாது. காரியம் என்பது, கடலில் போய்க் கிடைக்காமற்போன அவருடைய ஒரே மகன் கஸ்பாரின் அடக்கம். அடுக்களையில் கஸ்பாரின் மனைவி மெற்றில்டா மீன் உரசிக்கொண்டிருந்தாள். செதில் தெறிக்கும் ஓசை ஒரு சீராக வந்தது, நின்றது, மறுபடி வந்தது. நிற்கும்போதெல்லாம் அவள் இந்தப் பக்கம் காது கொடுக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. மனைவி செசிலி காலையிலேயே தன் தம்பி தொபியாஸ் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு தட்டைச் சுற்றி இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் கோட்டி பிடித்த வீட்டில் தன்னால் இருக்க முடியாது என்பது அவள் சொல்லிவிட்டுப் போன வார்த்தை.

குமிழி வந்துகொண்டிருந்தது. ஊசிமுனை அளவில் ஒன்று புறப்படும், மணலின் தோளைப் பிடித்துக்கொண்டு சற்று நிற்கும், பிறகு விட்டுவிட்டு மேலே போகும். ஊரில் கடிகாரக் கடை மூடியபோது வாங்கி வைத்த, கண்குழியில் செருகிக்கொள்ளும் கண்ணாடியின் வழியாக அவர் பார்த்தார். இயந்திரத்தோடு வாழ்ந்த பழக்கத்தால் ஒரு முறை குனிந்து தட்டோரம் காதையும் வைத்தார். ஓசை இல்லை. கண்ணாடியும் இல்லாமல், காடியும் இல்லாமல், வெறும் கண்ணால் இந்த மணலைப் பார்த்தால் மீன் சினை. அதனால்தான் கழிமுனையில் எல்லோருக்கும் இது சினைமணல். கடலோரத்து மணல் வேறு. ஊருக்குப் பின்னால், கடல் உள்ளே புகுந்து முழங்காலளவில் தேங்கிச் சூடேறிக் கிடக்கும் உப்புக்கழியில்தான் இது உண்டு. உருண்டை, பால்வெள்ளை, உள்ளங்கையில் வைத்தால் வழுக்கி ஓடும். கஸ்பாருக்கு அப்போது ஐந்து வயது இருக்குமா, கடற்கரை ஊர்ப் பிள்ளை, சினையென்றால் உயிர், கழியில் தகப்பனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவன் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். கடித்த சத்தம் அவருக்குக் கேட்டது. கன்னத்தை அமுக்கி, விரலை விட்டு, நாவுக்கடியிலிருந்தும் பல்லிடுக்கிலிருந்தும் வழித்து எடுத்தார். சின்னப் பற்கள் விரலைக் கவ்வின. அந்த விரல் இதோ, இந்தத் தட்டின் விளிம்பில் இருக்கிறது. துப்பி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையன் கேட்டான்: "அப்பா, இது பொரியுமா?" தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்ற சொல் அவருக்கு எந்தக் காலத்திலும் எளிதில் வந்ததில்லை. "பொரியும் மக்கா. கொஞ்சம் பொறுக்கணும்." பையன் ஓர் இருமல் மருந்துக் குப்பியில் சினைமணலை நிரப்பி ஜன்னல் கட்டையில் வெயில் படும் இடமாகப் பார்த்து வைத்தான். பள்ளிக்கூடம் போகுமுன் பார்ப்பான், வந்ததும் பார்ப்பான். பிறகு மறந்துபோனான். தகப்பன் மறக்கவில்லை. அவர் வாசகசாலைக்குப் போகத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்; ஒரு பிள்ளைக்குச் சொன்ன பதில் பொய்யாகப் போய்விடக் கூடாதே என்று. குப்பி இன்னும் அதே கட்டையில் இருக்கிறது. தட்டில் கரைகிற மணல் அந்தக் குப்பியிலிருந்து, இருப்பதில் பெரியதாகப் பொறுக்கி எடுத்தது.

பொரியாது என்று நூல்கள் சொல்லின. ஆனால் வளரும் என்று ஒருவர் வந்து சொன்னார். பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர்களோடு வந்து ஒரு கோடைகாலம் கழியோரம் முகாமிட்டிருந்த மீனலோசனி அம்மையார். அவர் காட்டிய உருப்பெருக்கியில், இரண்டாக அறுத்துத் தேய்த்த ஒரு சினைமணல் வெங்காயம்போல இருந்தது: ஒன்றின்மேல் ஒன்றாகத் தோல், எண்ண முடியாத தோல். கழி அசையாமல் வெயில் காயும் நாளில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மணல்மேல் வழவழவென்று ஒரு பசையைப் பூசிக்கொண்டு குடியிருக்கும் என்றார் அம்மையார். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு அந்தப் பசைக்குள் வந்து படியும். காற்றடித்து அலை உருட்டும்போது மேடு தேய்ந்து உருண்டையாகும். மறுபடி ஓய்வு, மறுபடி பசை, மறுபடி ஒரு தோல். ஒரு கடுகு அளவு வர ஆயிரம் ஆண்டுகூட ஆகலாம். ஓய்வில்தான் வளர்ச்சி, உருளுவதில் வடிவம். அருளப்பர் அந்தப் பேச்சைப் பாடமாகவே ஏற்றிக்கொண்டார். அப்படியானால் இதை உயிர்தானே கட்டுகிறது என்று அவர் கேட்டதற்கு அம்மையார் சிரித்து, இல்லை, கடல்நீரே தன் போக்கில் கட்டுகிறது, உயிர் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு, இன்னும் முடிவாகவில்லை என்றார். மணலை மெல்லிய காடியில் போட்டால் சுண்ணாம்பு போய்ப் பசைத்தோல் மட்டும் மிஞ்சக்கூடும், அதைக்கூட முழுச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது, வீட்டுக்குள் ஒருவன் குடியிருப்பதால் அவனே கொத்தனார் ஆகிவிடுவானா என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அருளப்பர் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. அன்று மாலை கடலிலிருந்து வந்த மகனிடம், ஆறடி உயரமும் எண்ணெய் வாடையுமாக நின்றவனிடம், விஷயத்தை ஒரு வெற்றிபோல விளக்கினார். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்ட கஸ்பார் மெற்றில்டாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "அப்போ குப்பி பொரிஞ்சிட்டுன்னு சொல்லுங்க" என்றான். மெற்றில்டா புதுப்பெண். வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். அந்தச் சிரிப்பு ஓடின வழி இதுதான், இந்த வாசல்தான், இப்போது செதில் உரசும் ஓசை வருகிறதே, அதே அடுக்களை.

முடிவாகவில்லை. எவ்வளவு நல்ல வார்த்தை அது. படித்தவர்கள் கூச்சமில்லாமல் சொல்கிற வார்த்தை. ஊரில் அதைச் சொன்னால் கோட்டி என்கிறார்கள். ஆனால் கஸ்பார் விஷயத்தில் முடிவாகாதது என்று எதுவும் இருக்கவில்லை, அதுதான் கொடுமை. அவனோடு போன இருவர் திரும்பி வந்து, இதே நடுவீட்டில் நின்று சொன்னார்கள். வலை படகின் அடியிலுள்ள சுழல்விசிறியில் சிக்கிக்கொண்டது, கத்தியோடு குதித்தான், இரண்டு முறை மேலே வந்து மூச்செடுத்தான், மூன்றாம் முறை போனவன் வரவில்லை. டார்ச்சு வெளிச்சம் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம் பெரியப்பா என்றார்கள். அந்த இடம் எப்படி இருந்திருக்கும், பச்சையாகவா, கறுப்பாகவா, குமிழி வந்திருக்குமா, ஒன்று புறப்பட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று பிறகு விட்டுவிட்டு மேலே, வேண்டாம். அருளப்பர் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். வேண்டாம். கழிமுனையில் கடல் திருப்பித் தராத உடலுக்கு ஒரு முறை உண்டு. பெட்டிக்குள் சினைமணலை நிரப்பி அடக்கம் செய்வார்கள். முதல் பிடியை இறந்தவனின் தகப்பன் தன் கையால் கழியிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். தகப்பன் உயிரோடிருக்க வேறொருவர் போட்டால் அது அடக்கம் ஆகாது. அந்தப் பிடி விழாதவரை பெண்ணின் கழுத்தில் தாலி இருக்கும், சாமியார் எழுதித் தந்தாலும் ஊர் ஒப்பாது. நாற்பத்தோராம் நாள் குறித்தார்கள். அருளப்பர் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. பலகையில் மணல் விழுமே, அந்த ஓசை. அதை அவர் தம் தமையனின் மகனுக்காக விழக் கேட்டிருக்கிறார். இயந்திரத்தில் எந்த ஓசை கேட்டாலும் அதற்கு ஒரு திருகாணி உண்டு. அந்த ஓசைக்கு இல்லை. மைத்துனன் தொபியாஸ் நல்லவன், அவசரக்காரன். அத்தான் எழும்ப மாட்டார் என்று கண்டதும், தன் வீட்டு மாடி கட்டுவதற்கு லாரியில் இறக்கிக் குவித்திருந்த மணலை அள்ளிப் பெட்டியை நிரப்பிவிட்டான். மணல் எல்லாம் மணல்தானே. கோயிலில் வைத்து அத்தான் கையில் ஒரு பிடி கொடுத்துத் திரும்பப் போடச் செய்துவிட்டால் முறை முடிந்தது என்பது அவன் கணக்கு.

சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு, தகப்பனார் வாருங்கள் என்றார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோனார்கள். கையில் ஒரு பிடி வந்தது. வழுக்கவில்லை. உறுத்தியது. எத்தனை வருஷமாகச் சினைமணலை உருட்டிப் பார்த்த விரல் அது. கண் இருட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் விரலுக்குத் தெரிந்துவிட்டது. பையிலிருந்த கண்ணாடியை எடுத்துக் கண்ணில் செருகினார். கோயில் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, பெற்ற பிள்ளையின் பெட்டி முன்னால் நின்று, உள்ளங்கை மணலைப் பரிசோதித்தார். கூர் முனை, கண்ணாடிச் சில்லுபோன்ற பளபளப்பு, நடுவே மினுமினுக்கும் தகடு. "இது ஆத்து மணல்" என்றார். "எம்மவன் ஆத்துல சாவல்ல." கையைத் தட்டிவிட்டு நடந்து வெளியே வந்துவிட்டார். பின்னால் செசிலி அழுத அழுகை பீடத்தில் மோதித் திரும்பியது. அடக்கம் நின்றுபோனது. தேநீர்க் கடையில் அவருக்குக் கண்ணாடி மச்சாது என்று பெயர் விழுந்தது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும், மச்சாதுகிட்ட ஒரு எட்டு காட்டிட்டுப் புதைங்க வே என்று ஒருவன் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். ஆத்திரம் தணிந்தபின் தொபியாஸும் கேட்டான்: "அத்தான், மோட்சத்து வாசல்ல யாராரு உண்மையான ஆத்துமான்னு பாக்கவும் ஒங்களத்தான் நிறுத்துவாவளோ?" ஊர் பிறகு சரி, கழி மணலையே எடுப்போம், வாருங்கள் என்றது. அப்போதுதான் அருளப்பருக்கு அந்த வாதம் அகப்பட்டது, அல்லது வாதத்துக்கு அவர் அகப்பட்டார். சினைமணல் உயிர் வளர்த்த பொருள், இன்னும் உயிர் ஒட்டியிருக்கும் பொருள், உயிருள்ளதைப் பிணமென்று சொல்லிப் புதைப்பது பாவம், விஞ்ஞானத்துக்கும் விரோதம். ஆற்று மணல் என்றால் பொய். கழி மணல் என்றால் பாவம். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொண்டு நடுவில் எட்டு ஆண்டு உட்கார்ந்திருந்தார். காற்றடிக்கும் நாளில், கழியில் அலை உருட்டுவதுபோல, பையனின் குப்பியை ஜன்னல் கட்டையில் தாமே திருப்பித் திருப்பி வைத்தார்.

அடக்கம் எப்போது என்று மெற்றில்டா ஒரு நாளும் கேட்டதில்லை. பெற்றவர்கள் வந்து கூப்பிட்டபோதும் போகவில்லை; நண்டு பதனிடும் கூடத்தில் மேற்பார்வை வேலைக்குப் போய் வந்தாள், மாமியாருக்குக் கால் பிடித்துவிட்டாள், மாமனாருக்கு மூக்குக்கண்ணாடி துடைத்து வைத்தாள். அந்தக் கூடத்துக்குக் குளிர்பெட்டி பழுது பார்க்க வருகிற பெஞ்சமின், மனைவியை இழந்தவன், மரியாதையான ஆள், செசிலியிடம் நேரில் வந்து பெண் கேட்டான். செசிலி அழுதுகொண்டே சம்மதித்தாள். நாளை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தால், கல்யாணம் கூடாத தபசுக்காலம் பிறக்குமுன் அது நடக்கும். தவறினால் தபசு முடிய வேண்டும், அதற்குள் அவன் அக்கரைக் கப்பலில் வேலைக்கு ஏறிவிடுவான். எல்லாம் ஒரு பிடி மணலில் நின்றது. புதன்கிழமை மெற்றில்டா இந்த மேசைக்கு எதிரே வந்து நின்றாள். மாமா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா என்றாள். அவர் உள்ளே எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு, அழுகைக்கும் ஏச்சுக்கும் தயாரானார். அவளோ, அதில் உயிர் இருக்கிறதா இல்லையா என்று சோதித்துச் சொல்லிவிடுங்கள், அந்த அம்மா ஒரு வழி சொன்னதாகச் சொல்வீர்களே, எதுவானாலும் நான் ஒப்புக்கொள்கிறேன் என்றாள். ஊரில் அவர் சொன்னதை உண்மையென்று எடுத்துக்கொண்டு கேட்ட ஒரே ஆள். எட்டு ஆண்டில் அவர் ஏன் அந்தச் சோதனையைச் செய்து பார்க்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. தோல் மிஞ்சினால், மிஞ்சாவிட்டால் என்று இரண்டு நிபந்தனையையும் அவரே நூலில் அச்சடித்ததுபோல எடுத்துரைத்தார். அவள் சரி என்றாள். இன்று காலை காடிப் போத்தலைக் கொண்டுவந்து வைத்தவளும் அவள்தான். மூடியைத் திறந்தபோது அவளுடைய தாலிக் கயிறு போத்தல் கழுத்தில் பட்டு விலகியதை அவர் பார்த்துவிட்டார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

குமிழி குறைந்தது. வெயில் ஜன்னல் கம்பி தாண்டி மேசைக்கு வந்தது. அவர் மறுபடி கண்ணாடியைச் செருகினார். மணலின் இடத்தில் மணல் இல்லை. இருந்தது, ஆனால் அது வேறு: அதே அளவு, அதே உருண்டை, உள்ளே வெளிச்சம் புகுந்து போகிற ஒரு புகைச்சுருள், ஒரு மூச்சு. தட்டைத் தொட்டார், அது அசைந்தது, மடிந்தது, நிமிர்ந்தது. தோல். தோலுக்குள் தோல், அதற்குள் இன்னொன்று, வெங்காயத்தின் ஆவி. நெஞ்சு ஒருமுறை துள்ளியது. அதை அவர் ஒளிக்க முடியாது, துள்ளியது; முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பிள்ளைக்குச் சொன்ன பதில் பொய்யில்லை, இருக்கிறது, உள்ளே இருக்கிறது, அடே கஸ்பார் என்று வாய்வரை வந்துவிட்டது. அடுக்களையில் செதில் ஓசை நின்றது. அந்தத் துள்ளல் இருந்த இடத்திலேயே வேறொன்று வந்து உட்கார்ந்தது. ஜெயித்துவிட்டோம். ஜெயித்ததை இப்போது எழுந்து போய் அவளிடம் சொல்ல வேண்டும். அவள் சரி மாமா என்பாள். மீனைக் கழுவுவாள். குழம்பு கொதிக்கும். கப்பல் போகும். அவள் இந்த வீட்டில் செசிலிபோல நரைப்பாள், கழுத்தில் கயிறு மஞ்சள் மாறி அழுக்காகி மறுபடி மஞ்சளாகும், ஒரு நாள் இந்த மேசைக்கு எதிரே இவர் இருக்க மாட்டார், அவள் இருப்பாள். தட்டோரம் ஒரு தீக்குச்சி கிடந்தது. ஒரு கிளறு போதும். புகை புகையோடு போகும், தட்டில் காடி மட்டும், ஒன்றுமில்லை மெற்றில்டா, நான் தோற்றேன் என்று சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியும், இந்த ஊரில் வேறு யாரிடம் கண்ணாடி இருக்கிறது. குச்சியை எடுத்தார். கம்ப்ரசர் திருகிய கை. குச்சியின் முனை காடியைத் தொட்டது, வளையம் விரிந்தது, புகைச்சுருள் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து ஒதுங்கியது. முடியவில்லை. இருப்பதை இல்லையென்று சொல்ல அந்த வாய்க்குப் பழக்கமில்லை. ஆனால் இல்லாததை இருக்கிறது என்று எட்டு ஆண்டு வைத்திருந்தாயே, அது என்ன என்று ஒரு குரல். அது தொபியாஸின் குரல்போலவும் இருந்தது, மகனுடையதுபோலவும் இருந்தது. குச்சியைக் கீழே வைக்கப்போனவர், சாய்ந்த தோலுக்குள், எல்லாத் தோலுக்கும் நடுவில், கரையாமல் ஒன்று கிடப்பதைக் கண்டார்.

மிகச் சிறியது. அம்மையார் உருப்பெருக்கியில் அறுத்துக் காட்டியதில் நடுவில் சிப்பித் துணுக்கு இருந்தது, அது சுண்ணாம்பு, காடியில் போய்விடும். இது போகவில்லை. குச்சியால் மெல்ல ஒத்தி விரல்நுனிக்கு எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கூர் முனை. கண்ணாடிச் சில்லுபோன்ற பளபளப்பு. விரலே சொன்னது, கண் பிறகு சொன்னது. ஆற்று மணல். என்றோ ஒரு பெருவெள்ளத்தில் ஏதோ ஓர் ஆறு கொண்டுவந்து தள்ளி, கடல் ஒதுக்கி, கழிக்குள் வந்து விழுந்த ஒரு நொறுங்கல். தொபியாஸ் லாரியில் இறக்கிப் பெட்டியில் நிரப்பினானே, அதன் உடன்பிறப்பு. இதை அவர் கோயிலில் எல்லோர் முன்னும் தட்டி உதறினார். இதன்மேல்தான் அந்தக் கண்ணுக்குத் தெரியாதவை பசை பூசியிருக்கின்றன; ஓய்ந்த நாளெல்லாம் பூசி, உருண்ட நாளெல்லாம் தேய்ந்து, ஒரு குடி சுண்ணாம்புக்குள் அடங்க அதன்மேல் அடுத்த குடி வந்து இருந்து, ஆயிரம் ஆண்டு. நடுவில் இருப்பது யார், எந்த ஆற்றுக்காரன், சரியான ஆள்தானா என்று ஒன்றாவது கேட்டிருக்குமா. கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் முதல் தோலே வந்திராது. நடுவில் ஏதோ ஒன்று வேண்டும், அவ்வளவுதான். இடம் பிடித்துக்கொள்ள ஒன்று. அந்தப் பெட்டியில் எந்த மணல் கிடந்திருந்தால் என்ன, செசிலியின் அழுகை சுற்றியிருந்தால், மெற்றில்டாவின் எட்டு வருஷம் சுற்றியிருந்தால், அது கஸ்பார் ஆகியிருக்கும். அவர் கையால் ஒரு பிடி போட்டிருந்தால் ஆகியிருக்கும். குப்பியிலிருந்து கழிவரை, அந்தப் பையன் மிதித்து விளையாடிய மணல் அத்தனையும் அங்கேயேதான் கிடக்கிறது. எட்டு ஆண்டில் அதற்கு ஒரு தோல்கூடக் கூடியிருக்காது. அவன் காலில் ஒட்டியது அப்படியே இருக்கிறது. அதை எடுக்கத்தான் பயந்தாயா. பயந்தேன். வாதத்தில் பயம் இல்லை, விரலில்தான் பயம். அந்த விரல் ஒருமுறை அவன் வாயிலிருந்து இந்த மணலை வழித்து எடுத்தது. இப்போது திரும்ப வைக்கச் சொல்கிறார்களே, இதே மணலை, இதே விரலால். அவ்வளவுதான் எட்டு ஆண்டு. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கன்னம் நனைந்திருந்ததைப் புறங்கையால் துடைத்தார். காடி பட்டுக் கண் எரிந்தது.

அடுக்களை வாசலில் போய் நின்றார். மெற்றில்டா தலை நிமிரவில்லை. மீனெல்லாம் எப்போதோ உரசி முடித்துச் சட்டியில் கிடந்தது. கையில் கத்தி மட்டும் இருந்தது.

"இருக்கா மாமா?" என்றாள்.

"இருக்கு."

அவள் கத்தியைக் கழுவி வைத்தாள். சரி மாமா என்பதுபோலத் தலையை அசைத்தாள்.

"உள்ள இன்னொண்ணும் இருக்கு" என்றார் அருளப்பர். "ஒங்க தொபியாஸ் மாமா கொண்டாந்த மணல். நடுவுல அதான் இருக்கு. மேல உள்ளதெல்லாம் சுத்துனது." அவளுக்கு விளங்கவில்லை என்று கண்டு, விளக்குவதற்கு வாய் திறந்தார், அம்மையாரின் பாடம் முழுவதும் நாவில் வந்து நின்றது. அதை அப்படியே விழுங்கினார். "கைய தொடச்சிட்டு வா மக்கா. கழிக்குப் போவணும்."

கழியில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, சூடாக, அசையாமல் கிடந்தது. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவர் இறங்கினார். மெற்றில்டா முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லியனுப்பாமலே செய்தி முந்திக்கொண்டு போய், செசிலி தலைவிரிகோலமாக ஓடிவந்து கரையில் நின்றாள். தொபியாஸ் பெட்டியைத் தன் வள்ளக் கொட்டகையிலிருந்து எடுத்து வந்திருந்தான். எட்டு ஆண்டாக அதில் கயிறு போட்டு வைத்திருந்தான். அருளப்பர் குனியுமுன் அவனைப் பார்த்து, ஒன் வீட்டு மணல் ஒரு பிடி மிச்சம் இருக்கா மாப்பிள என்று கேட்டார். கேலியென்று நினைத்துத் தொபியாஸ் ஒரு கணம் முகம் சுருங்கினான். பிறகு அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னான்: "எங்க அத்தான் இருக்கும். அது அப்பமே செவுராயிட்டு."

"நல்லது. நிக்கட்டும்."

கண்ணாடி கொண்டுவரவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. அவர் கையைத் தண்ணீருக்குள் விட்டு அள்ளினார். விரலிடையில் அது வழுக்கி ஓடியது; இறுக்கிப் பிடித்தார்; பிடித்த அளவு வந்தது. பலகையில் அது விழுந்த ஓசையை அவர் முழுவதும் கேட்டார். ஆலையில் கம்ப்ரசரை நிறுத்தியபின் சற்று நேரம் காதில் ஒன்று இரைந்துகொண்டிருந்து பிறகு இல்லாமற்போகுமே, அதுபோல இருந்தது. மற்றவர்கள் அள்ளத் தொடங்கினார்கள். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்த நாலைந்து மணலை அவர் தட்டிவிடவில்லை, கையை மூடிக்கொண்டார். மெற்றில்டா அவருடைய மூடிய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள், எட்டு ஆண்டில் அவர் பார்க்க அழுதது அன்றுதான்.

சினைமணலை நுண்ணுயிர் கட்டுகிறதா, கடல்நீர் கட்டுகிறதா என்னும் வழக்கு அறிஞர்களிடையே இன்னும் முடிவாகவில்லை. கழிமுனை அருளப்ப மச்சாதுவின் குமாரன் கஸ்பார் மச்சாதுவின் அடக்கத்தைப் பற்றிய வழக்கு, இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒன்பதாம் நாள் சனிக்கிழமை, கோயிலில் உச்சிமணி அடித்து ஓய்ந்தபின், முடிவாயிற்று.